நெற்றியில் வாங்கிய பந்து

மேலிருந்து இறங்கும் பந்துக்குக் கண்ணை மூடாதவன் என்று என் அண்ணனைப் பற்றிக் கௌதமபுரத்தில் சொல்வார்கள். எங்கள் பேட்டையில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. எதிரணி கோல்கீப்பர் ஓங்கி உதைத்த பந்து வானத்தில் ஏறி, நின்று, கீழே வரும்போது மற்ற பையன்களுக்குத் தோள் குறுகும், இமை ஒரு நொடி தாழும். அண்ணன் கழுத்தை விறைத்துக்கொண்டு பந்தையே பார்த்தபடி எழும்புவான். 'டப்'பென்று நெற்றியில் பட்ட பந்து பாதி மைதானம் தாண்டிப் போய் விழும். ஓரத்தில் பீடி பிடித்துக்கொண்டிருக்கும் பெரியவர்கள் ஒரே குரலில் 'ஆ' என்பார்கள். அவனுடைய சட்டையையும் செருப்பையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எனக்கு அந்த 'ஆ' என் வீட்டுச் சொத்து மாதிரி இருக்கும்.

எண்பதுகளின் நடுப்பகுதி. அண்ணனுக்குப் பதினாறு, பதினேழு. ஸ்டாப்பர் இடத்தில் ஆடினான். ஸ்டாப்பர் என்றால் கோலுக்கு முன்னால் நின்று வருகிற எல்லாவற்றையும் தடுப்பவன். அதில் பாதி தலையால்தான். மழை பெய்தால் எங்கள் பையன்கள் ஆடிய தோல் பந்து தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போகும். அந்தப் பந்தைக் கையில் தூக்கிப் பார்த்திருக்கிறேன். அது எங்கள் அண்ணன் நெற்றியில் வந்து இறங்குவதை எப்படிப் பெருமையோடு பார்த்தோம் என்று இப்போது நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

பெங்களூரில் அல்சூரை ஒட்டிய எங்கள் பேட்டை பட்டாளத்தின் நிழலில் வளர்ந்தது. பாட்டிகள் கண்டோன்மென்டைத் தண்டு என்றுதான் சொல்வார்கள். மதராஸ் சாப்பர் படையோடும், படைக்கு எடுபிடி வேலை செய்யவும் தமிழ் பேசும் குடும்பங்கள் வந்து ஏரியைச் சுற்றித் தங்கின. பட்டாளத்துக்காரர்கள் ஆடியதைப் பார்த்து எங்கள் தாத்தாக்கள் ஆடினார்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்ஸில் பிரான்ஸுக்கு எதிராக இந்தியா போட்ட ஒரே கோலை அடித்த சாரங்கபாணி ராமன் பெங்களூர்க்காரர். அந்த அணியில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். இந்தக் கதையைச் சொல்லாமல் எங்கள் தெருவில் ஒரு சாவு வீட்டுத் திண்ணைகூடக் கலையாது. இன்று எங்கள் பேட்டையில் புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா சிலைகளோடு பெலேவுக்கும் ஒரு சிலை இருக்கிறது.

கதையும் சிலையும் ஒருபுறம். ஃபுட்பால் எங்களுக்குச் சோறு. ஐடிஐ என்று சொன்ன டெலிபோன் ஃபேக்டரி, எச்ஏஎல் என்று சொன்ன விமான ஃபேக்டரி இரண்டுக்கும் சொந்த டீம் இருந்தது. நன்றாக ஆடினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் எடுத்துக்கொள்வார்கள். மாதச் சம்பளம், ஃபேக்டரி பஸ், கேன்டீன் சாப்பாடு, பி.எஃப். பத்தாவது தாண்டாத பையனுக்கு அந்த ஊரில் வேறு எந்தக் கதவும் அவ்வளவு அகலமாகத் திறக்கவில்லை. பக்கத்துத் தெருவில் ஒருவர் ஃபேக்டரி டீமுக்கு ஆடி, ஆட்டம் முடிந்த பிறகு அங்கேயே ஸ்டோர்ஸில் உட்கார்ந்து மூன்று பெண்களுக்குக் கல்யாணம் பண்ணினார். அண்ணனை மைதானத்துக்கு அனுப்பும்போதெல்லாம் அம்மா மனசில் அவர்தான் இருந்திருப்பார்.

எங்களுடையது இஸ்திரி வண்டி. கரி போட்ட பெட்டியை அப்பா தேய்ப்பார், அம்மா மடிப்பார், அண்ணன் வீடு வீடாகப் போய்த் துணி எடுத்து வந்து திருப்பிக் கொடுப்பான். துணியில் அடையாளம் எதுவும் போடமாட்டான். நாற்பது, ஐம்பது உருப்படியில் எது எந்த வீட்டு ஐயாவின் சட்டை, எது யார் வீட்டுப் பள்ளிக்கூடப் பாவாடை என்று பார்த்ததுமே சொல்வான். காலரின் தேய்மானம், பித்தான் மாற்றிய நூலின் நிறம், இதெல்லாம் அவனுக்குக் கணக்கு.

முதல் அடி ஒரு லீக் ஆட்டத்தில் விழுந்தது. இருவர் ஒரே பந்துக்கு எழும்பித் தலையும் தலையும் மோதின. அண்ணன் கீழே விழுந்து கொஞ்ச நேரம் அசையவில்லை. யாரோ கோலி சோடாவை உடைத்துத் தலையில் ஊற்றினார்கள். இன்னொருவர் வெங்காயத்தைக் கசக்கி மூக்கருகே வைத்தார். எழுந்தான், கை தட்டினார்கள், திரும்ப ஆடினான். இடைவேளையில் என்னிடம் வந்து, "நம்ம கோலு எந்தப் பக்கம்டி?" என்று கேட்டான். நான் விளையாடுகிறான் என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

இரண்டாவது முறை கால் தட்டி மல்லாந்து விழுந்தான். காய்ந்த செம்மண் தரை, பின்மண்டை. அன்று ராத்திரி இரண்டு தடவை வாந்தி எடுத்தான். பாட்டி மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள். மஞ்சள் பத்து போட்டாள். ஒரு வாரம் கழித்து மறுபடி மைதானத்தில் நின்றான்.

மூன்றாவதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை, ஏனென்றால் அது அடியே இல்லை. 1986 மெக்சிகோ உலகக் கோப்பை முடிந்த சமயம். நள்ளிரவு தாண்டியும் விழித்திருந்து மாரடோனாவைப் பார்த்துவிட்டுப் பகலெல்லாம் தெருவே மாரடோனாவாகத் திரிந்த நாட்கள். ஒரு சாதாரண பிராக்டிஸில், பக்கத்திலிருந்து போட்ட ஒரு சாதாரண பந்தைத் தலையால் தட்டினான். தட்டிவிட்டு அப்படியே முட்டி மடங்கி உட்கார்ந்துவிட்டான். இதைவிடப் பத்து மடங்கு பலமான பந்துகளை அந்த நெற்றி வாங்கியதை எல்லோரும் பார்த்திருந்தோம். மைதானத்தில் ஒருவரும் 'ஆ' என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வந்த மாற்றங்களை மைதானம் பார்க்கவில்லை. அங்கே அவன் ஓடினான், தடுத்தான், நன்றாகவே இருந்தான். வீட்டில் வேறு ஆளாக இருந்தான். இஸ்திரிப் பெட்டியில் கரி ஊதும்போது எழும் பளிச்சென்ற நெருப்பைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பினான். கரிப் புகைக்குக் குமட்டியது. நான் பாட்டு முணுமுணுத்தால் எரிந்து விழுந்தான். என்னை அதுவரை அவன் கடிந்து பேசியதே இல்லை. பகலில் தூங்கினான், ராத்திரி விழித்துக் கிடந்தான். பிறகு ஒரு நாள் ஒரு வீட்டுச் சட்டை இன்னொரு வீட்டுக்குப் போயிற்று. அடுத்த வாரம் ஒரு மூட்டையே மாறிப் போயிற்று. வாங்கிய அம்மாக்கள் சத்தம் போட்டார்கள். அப்பா அண்ணனைத் திட்டினார், கவனம் ஆட்டத்திலேயே இருக்கிறது என்று. அம்மா திட்டவில்லை. துணியை மடிப்பதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்று அதற்கு விளக்கம் இருக்கிறது. மண்டையோட்டுக்குள் மூளை திரவத்தில் மிதக்கிறது. தலை வேகமாகப் போய்ச் சட்டென்று நின்றாலோ முறுக்கித் திரும்பினாலோ மூளை உள்ளே குலுங்கி இழுபடுகிறது. நரம்பணுக்களிலிருந்து பொட்டாசியம் வெளியேற, கால்சியம் உள்ளே புக, கலைந்த அந்த நிலையைச் சரிசெய்ய அணுக்கள் இருக்கிற சக்தியையெல்லாம் கொட்டுகின்றன; அதே வேளையில் மூளைக்குப் போகும் ரத்த ஓட்டமும் குறைகிறது. வரவு சுருங்கி, செலவு ஏறிய அந்த நாட்களில் இன்னொரு சின்ன அடிகூடத் தாங்காது. எலும்பு உடையாததால், ரத்தம் கசியாததால் ஸ்கேனில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. மயக்கம் போட்டால்தான் அடி என்பதும் இல்லை; அதிகம் பேருக்கு நினைவு தப்புவதே இல்லை. வளரும் வயதில் மூளை தேறுவதற்குப் பெரியவர்களைவிடக் கூடுதல் நாட்கள் பிடிக்கும், சிலருக்கு நான்கு வாரம் வரை. எங்கள் அண்ணனுக்கு நாங்கள் கொடுத்தது ஒரு வாரமும் மஞ்சள் பத்தும்.

ஃபேக்டரி டீமின் ஜூனியர் செலக்ஷன் நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் பேச்சு தொடங்கியது. மாமா, அம்மாவின் தம்பி, கிரிக்கெட் பைத்தியம். நாரி கான்ட்ராக்டரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். 1962-ல் பார்படோஸில் சார்லி கிரிஃபித் போட்ட பந்து மண்டையில் பட்டு எலும்பு நொறுங்கியது, வெஸ்ட் இண்டீஸ் கேப்டன் ஃபிராங்க் வொரலே ரத்தம் கொடுத்தார், நம் வேலூர் ஆஸ்பத்திரியில் தலைக்குள் பிளேட் வைத்தார்கள், அப்புறமும் மனுஷன் வருஷக்கணக்காக ஆடினாரே! "அவருக்குப் பிளேட்டு வெச்சே ஆட முடிஞ்சுது. இவனுக்கு ஒரு வீக்கம்கூட இல்ல. நீ ஏங்க்கா பயப்படுற?"

மாமா சொன்னது பொய்யில்லை. ஆனால் கான்ட்ராக்டர் அப்போது இந்தியாவின் கேப்டன், வயது 28. அதற்குப் பிறகு அவர் உள்நாட்டு ஆட்டங்கள் ஆடினார். ஒரு டெஸ்ட் போட்டிக்குக்கூட அவரை எடுக்கவில்லை. அந்தப் பாதிக் கதை எங்கள் வீட்டுக்குள் வரவில்லை.

அப்பா பதிலுக்குக் கான்ட்ராக்டரைப் பேசவில்லை. முகமது அலியைப் பேசினார். 1980-ல் அலி மதராஸுக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடியபோது அப்பா உறவுக்காரர்களோடு கூட்டத்தில் நின்று பார்த்தவர். எம்ஜிஆரும் அலியும் ஒரே இடத்தில் நின்றதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். நான்கு வருஷம் கழித்து அலிக்குப் பார்கின்சன் அறிகுறிகள் என்று பேப்பரில் வந்தது. கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது. காரணம் குத்துச்சண்டையா என்று டாக்டர்களே வாதாடிக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்கு அந்த வாதம் தேவைப்படவில்லை. அந்தச் சேதியைக் கிழித்து முருகர் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். மாமா பேசி முடித்ததும் அதை எடுத்துத் தரையில் வைத்தார். "இந்த மனுசனோட கையை நான் பார்த்திருக்கேன்டா" என்று மட்டும் சொன்னார். ஆனாலும் 'நிறுத்து' என்று அவர் வாயில் வரவில்லை. வேலை போய்விடுமே.

அண்ணனைக் கேட்டார்கள். "எனக்கு ஒண்ணுமில்ல" என்றான். வேறென்ன சொல்வான்? பதினேழு வயதுப் பையனிடம், அதுவும் மூளையில் அடிபட்டவனிடம், அந்த மூளையை வைத்தே தீர்ப்புச் சொல்லச் சொன்னோம்.

முடிவை நகர்த்தியவர் மாஸ்டர். சாப்பர் படையிலிருந்து ஓய்வுபெற்று, காசு வாங்காமல் பேட்டைப் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர். அண்ணன் அவருடைய கையால் உருவானவன்; அவன் செலக்ட் ஆனால் அவருக்கும் பெருமை. பிராக்டிஸில் அவன் முட்டி மடங்கியதைப் பார்த்ததிலிருந்து அவருக்கு மனசு சரியில்லை. ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். வண்டியருகே ஸ்டூலில் உட்கார்ந்து அம்மாவிடம், "தாயி, வீட்ல எப்படி இருக்கான்?" என்று கேட்டார். மைதானத்திலிருந்து வந்த யாரும் அதுவரை கேட்காத கேள்வி. அம்மா மூட்டை மாறிய கதையைச் சொன்னார். மாஸ்டர் எழுந்து, "நிம்ஹான்ஸுக்குக் கூட்டிட்டுப் போகணும்" என்றார்.

அந்தப் பெயரைக் கேட்டதும் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். ஓசூர் ரோட்டில் இருக்கும் அந்த ஆஸ்பத்திரி 1974-ல்தான் நிம்ஹான்ஸ் ஆனது. அதற்கு முன்பிருந்தே அந்த வளாகம் மனநோயாளிகளுக்கானது. எங்கள் தெருவுக்கு அது மெண்டல் ஆஸ்பத்திரிதான். அங்கே போனான் என்று தெரிந்தால் அண்ணனுக்கு வேலையும் கிடைக்காது, பெண்ணும் கிடைக்காது. நரம்பு அறுவை சிகிச்சைக்கும் தலைக்காயத்துக்கும் தென்னிந்தியா முழுவதிலுமிருந்து ஜனங்கள் வந்து காத்துக்கிடக்கும் இடம் அது என்று மாஸ்டர்தான் எடுத்துச் சொன்னார். விடியும் முன்னே புறப்பட்டு, பஸ் மாறிப் போனோம். என்னை விட்டுப்போக வீட்டில் ஆளில்லாததால் நானும் போனேன்.

வரிசை நீண்டது. கடைசியில் உள்ளே போனபோது டாக்டர் அண்ணனின் கண்ணில் விளக்கடித்தார், ஒரு காலில் நிற்கச் சொன்னார், எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னார். அண்ணன் பாதியில் நின்றுவிட்டு, "ராத்திரி தூங்கல சார்" என்றான். டாக்டர் அவனை விட்டுவிட்டு அம்மா பக்கம் திரும்பினார். "நீவு ஹேளி அம்மா", நீங்க சொல்லுங்கம்மா, என்றார். அவர் கன்னடத்தில் கேட்டார், அம்மா தமிழில் சொன்னார், இரண்டு பேருக்கும் மொழி ஒரு தடையாக இல்லை. எப்போது கோபம் வருகிறது, எது நினைவில் நிற்கவில்லை, முதல் அடிக்குப் பிறகு எத்தனை நாளில் சரியானான், மூன்றாவதற்குப் பிறகு சரியானானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அம்மா சட்டைக் காலரைப் பற்றிச் சொன்னதை அவர் எழுதிக்கொண்டார்.

பிறகு எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். அடி சின்னதாகிக்கொண்டே வருகிறது, தேறுவதற்கு ஆகும் நாள் நீண்டுகொண்டே போகிறது. இந்த இரண்டும் எதிரெதிரே நடப்பதுதான் கெடுதல். இன்னும் எத்தனை அடி தாங்குவான் என்று அப்பா கேட்டார். "அப்படி ஒரு நம்பர் இல்ல" என்றார் டாக்டர்.

அந்தப் பதிலின் நேர்மை எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. ஒரு காலத்தில் நம்பர் வைத்திருந்தார்கள். ஹார்வர்டில் ஆட்டக்காரர்களைப் பார்த்துவந்த அகஸ்டஸ் தார்ன்டைக் 1952-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு 'மூன்று அடி என்றால் நிறுத்து' என்பதே பல காலம் வழக்கில் இருந்தது. இப்போது அப்படி ஒரே அளவுகோலை வைத்து யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை. ஒருவருக்கு ஐந்து அடி வருஷக்கணக்கில் இடைவெளி விட்டு விழுந்திருக்கும், ஒவ்வொன்றிலிருந்தும் முழுசாகத் தேறியிருப்பார். இன்னொருவருக்கு இரண்டே அடி, இரண்டாவதிலிருந்து மீளவே இல்லை. ஒன்று மட்டும் உறுதி: முதல் அடி ஆறும் முன்னே இன்னொன்று விழக்கூடாது. அபூர்வம்தான், ஆனால் அப்படி விழுந்த இளைஞர்களின் மூளை நிமிடங்களில் வீங்கி உயிர் போயிருக்கிறது. அமெரிக்க மருத்துவர்கள் இருவர் 1984-லேயே இதை எழுதிவிட்டார்கள். எங்கள் அண்ணன் கோல் எந்தப் பக்கம் என்று தெரியாமலேயே இடைவேளைக்குப் பின்னும் ஆடினான்.

டாக்டர் நிறுத்தச் சொன்னார். மாஸ்டர் செலக்ஷன் பட்டியலில் அவன் பெயரை எழுதவில்லை. அண்ணன் அவர் வீட்டு வாசலில் போய் நின்று கத்தினான், அழுதான். மாஸ்டர் வெளியே வந்து, "என்னைத் திட்டுடா, உன் தலையோட இருந்து திட்டு" என்றாராம். தன் கையால் வளர்த்த ஆட்டக்காரனைத் தன் கையாலேயே நிறுத்திய அவரைவிட ஃபுட்பாலை நேசித்த ஒருவரை நான் பார்த்ததில்லை. பல வருஷம் அண்ணன் அவரோடு பேசவில்லை.

தலைவலி போக மாதங்கள் ஆயின. தூக்கம் திரும்பியது, மூட்டைகள் சரியான வீட்டுக்குப் போயின. வேலைதான் வரவில்லை. அவனோடு ஆடிய இரண்டு பேர் ஃபேக்டரிக்குள் போனார்கள். அண்ணன் பீன்யாவில் ஒரு சின்ன லேத் பட்டறையில் சேர்ந்து, தினக்கூலியில் தொடங்கி, முதுகு ஒடிய உழைத்தான்.

நான் பள்ளிக்கூட ஆசிரியை ஆனேன். அதனால் இந்த விஷயம் என்னை விடவே இல்லை. இங்கிலாந்தில் தலையால் ஆடியே பேர் வாங்கிய ஜெஃப் ஆஸ்டில் 2002-ல் 59 வயதில் இறந்தபோது, தொழிலால் வந்த நோய் என்று விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னதைப் படித்த அன்று அண்ணனுக்குப் போன் செய்து அவன் குரலைக் கேட்டுவிட்டுத்தான் படுத்தேன். 2022 ஜூலையில் எங்கள் பெங்களூரிலேயே மாநில கிக்பாக்ஸிங் போட்டியில் தலையில் குத்து வாங்கிய மைசூர்ப் பையன், 23 வயது, இரண்டு நாளில் இறந்தான். 2021-ல் சிட்னியில் இந்தியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட் ஆடி 62 ரன் எடுத்த வில் புகோவ்ஸ்கி, தலையில் திரும்பத் திரும்ப அடி வாங்கி, மருத்துவக் குழுவின் பரிந்துரைக்குப் பின் 2025 ஏப்ரலில் 27 வயதில் விலகினார். அவருக்கு அந்த ஒரு டெஸ்ட்தான். அவருக்காக ஒரு குழுவே உட்கார்ந்து பேசியது. எங்கள் பேட்டையில் இஸ்திரி வண்டியும் ஒரு ஸ்டூலும்தான் இருந்தன. ஆனாலும் கேட்கவேண்டிய கேள்வியை அங்கே ஒருவர் கேட்டார்.

அண்ணன் இன்றும் முழுசாக ஒப்புக்கொள்வதில்லை. போன தீபாவளிக்கு வந்தவனிடம் நானே பேச்சை எடுத்தேன்.

"நிறுத்தச் சொன்னாங்க, சரி. டாக்டர் சொன்னாரு, மாஸ்டர் சொன்னாரு, அம்மா சொன்னாங்க. அப்புறம் நான் என்ன பண்றதுன்னு ஒருத்தரும் சொல்லல. அதே ஃபேக்டரியில வேற எதுக்காவது எடுத்துக்குங்கன்னு ஒரு கடுதாசி எழுதிக் கேட்டாங்களா? ஆட்டத்தை நிறுத்துனா வேலையும் நின்னுடும்னு எல்லாருக்கும் தெரியும்ல?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அவன் சொல்வது நியாயம். நிறுத்தச் சொன்னது சரி என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. அதைப் பாதியோடு விட்டதுதான் அவனை இத்தனை வருஷம் அறுக்கிறது.

எங்கள் பள்ளியில் ஒரு பெண் கபடியில் தலையில் அடிபட்டு வந்தாள். அன்றே ஆட விடவில்லை. அவள் அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர், மறுநாள் வந்து, "மேடம், இந்த வாரம் ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல் செலக்ஷன், சீட் போச்சுன்னா படிப்பே போச்சு" என்றார். அவள் வீட்டில் எப்படி இருக்கிறாள், தூங்குகிறாளா, வெளிச்சம் கூசுகிறதா என்று முதலில் அவள் அம்மாவை அழைத்துக் கேட்டேன். பிறகு தலைமையாசிரியரின் கையெழுத்தோடு, மருத்துவச் சீட்டை இணைத்து, இந்த மாணவிக்கு நான்கு வாரம் கழித்துத் தேர்வு வையுங்கள் என்று ஹாஸ்டலுக்கு எழுதினேன். பதில் வராததால் நேரில் போனேன். தேதியை மாற்றிக் கொடுத்தார்கள்.